குளிர் கிடங்கில் ஒரு குரல்

அத்தியாயம் 4

செத்துப்போனவன் நேரம் தவறாதவனாக இருந்தான். சுவர்க் கடிகாரத்தின் முள் சரியாக மூன்றைத் தொட்டதும், சரக்கு இறக்கும் மேடையின் நான்கு மூலைகளிலும் ஒலிபெருக்கிகள் ஒருமுறை கரகரத்தன.

"கதவு பூட்டப் போகுது. உள்ள யாராவது இருக்கீங்களா? இருந்தா மணியை அழுத்துங்க."

லேசாகச் சளி பிடித்த குரல். கடைசி வார்த்தையில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. மீன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த ஆறு பேரும் கையில் இருந்ததை வைத்துவிட்டு வெளியே வெயிலில் போய் நின்றார்கள். யாரும் ஓடவில்லை. ஓடினால் அதன் கண்ணில் பட்டுவிடுவோம் என்பதுபோல அடிமேல் அடி வைத்து நடந்தார்கள்.

நிதானம் மட்டும் அசையாமல் நின்றார். இருபத்திரண்டு வருடம் காப்பீட்டு நிறுவனத்துக்காக விபத்துகளை விசாரித்தவர். அங்கே வைத்த பட்டப்பெயர், வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய வந்த பிறகும் கூடவே வந்துவிட்டது. பக்கத்தில் அவருடைய மனைவியின் தங்கை. சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் ஆறு வருடம் இருந்தவள், இப்போது அவருக்கு உதவியாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் வாயாடி.

ஒரு நிமிடம் கழிந்தது. குளிர் அறையின் கனத்த கதவுக்குள் தாழ்ப்பாள் 'டொக்'கென்று விழுந்தது.

"மாமா, இப்ப மட்டும் உள்ளேருந்து மணி அடிச்சிருந்தா, இந்த மாசத்தோட வேலைய விட்டிருப்பேன்" என்றாள் வாயாடி.

"உள்ள யாரு இருக்கா அடிக்க?"

"அதான் மாமா பயமே."

அவர்களை வரவழைத்தவள் மேடையின் ஓரத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். சரக்குப் பதிவு மேஜையில் வேலை. இருபத்தாறு வயது இருக்கும். அண்ணன் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டுக் கிடங்கில் எல்லோருமே அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த அண்ணனின் குரல்தான் இப்போது பேசி ஓய்ந்தது. இந்தக் கிடங்கின் கணினி, பூட்டு, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டவன். பதினாறு நாளுக்கு முன்னால், குளிர் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உறைந்துபோயிருக்கிறது என்று அதைக் கழற்றிச் சரிசெய்ய உள்ளே போனான். மூன்று மணிக்குக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. ஐந்தரைக்குத்தான் திறந்தார்கள்.

"அன்னிக்கு மூணு மணிக்கு இந்தக் குரல் வரல சார். அதுக்கப்புறம் பத்து நாள் சத்தமே இல்ல. பதினோராம் நாள் வந்துச்சு. அப்புறம் இன்னொரு நாள். இன்னிக்குக் காலைலேருந்து அரை மணிக்கு ஒரு தடவை. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அது அவனா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

அவள் கையில் ஒரு தட்டச்சுக் கடிதம் இருந்தது. அவள் போனில் அனுப்பிய அதன் படத்தை நிதானம் காரில் வரும்போதே படித்துவிட்டார். 'என் அண்ணன் ஒலிபெருக்கி அறிவிப்பைத் தானே நிறுத்திவிட்டு அறைக்குள் சென்றார். நடந்ததற்கு அவருடைய கவனக்குறைவே காரணம்.' கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு. நேற்று மேலாளர் அடித்துக் கொடுத்த கடிதம், இன்று ஐந்து மணிக்குள் திருப்பிக் கேட்டிருந்தார். அவள் கையெழுத்திட்டால் செத்தவனே தன் சாவுக்குப் பொறுப்பாளி. அதோடு கோப்பு மூடப்படும், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

நிதானம் முதலில் கணினியிடம் போகவில்லை. வெயிலில் நின்றவர்களிடம் போனார். வாயிற்காவலாளிக்குப் பேச ஆள் கிடைத்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

"கரண்டு போயிட்டு வந்தா அன்னிக்கு வர்றாரு சார். எண்ணிப் பாத்துட்டோம். மூணு தடவை கரண்டு போச்சு, மூணு தடவையும் வந்துட்டாரு. இருட்டுல வழி தெரிஞ்சு வர்றாரு போல."

"வந்தவர் எப்பப் போவார்?"

"மேலாளர் வந்தாப் போயிடுவாரு. நல்ல மனுஷன் சார் எங்க மேலாளர். 'நான் பாத்துக்கறேன், பயப்படாதீங்க'ன்னு மாடில தன் அறைக்குப் போவாரு. கதவைச் சாத்திக்கிட்டு என்ன செய்வாரோ, அடுத்த அரை மணிக்குச் சத்தம் இருக்காது. அவருக்கு மட்டும் கட்டுப்படுது."

"இன்னிக்கு?"

"காலைலேருந்து வெளில போயிருக்காரு. மூணரைக்கு வர்றேன்னாரு."

வாயாடி நிதானத்தின் காதருகே குனிந்தாள். "கரண்டுக்கு வர்ற பேய், மேலாளருக்குப் பயப்படற பேய். நம்ம வீட்டு மோட்டார் மாதிரி இருக்கு மாமா."

"அந்த மோட்டாரை யாரு போடறா, யாரு நிறுத்தறா? அதைப் பாரு" என்றார் அவர்.

சர்வர் அறை என்று தங்கச்சி காட்டியது துடைப்பங்களும் பழைய தராசும் கிடந்த ஒரு சின்ன அறை. மேஜைக்கடியில் கறுப்புப் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. நாற்காலியின் முதுகில் ஒரு கம்பளிச் சட்டை தொங்கியது. அன்றைக்கு 'அஞ்சு நிமிஷ வேலைதானே' என்று அவன் போட்டுக்கொள்ளாமல் போனது. அதை எடுத்து வைக்க இந்தக் கிடங்கில் இதுவரை யாருக்கும் கை வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொட்டை எழுத்தில் இருந்தன.

"கடவுச்சொல்லைச் சுவத்துல ஒட்டற மகான்களை நான் கேள்விதான் பட்டிருக்கேன்" என்றாள் வாயாடி.

"எல்லாருக்கும் அவன் பேர்லயேதான் உள்ள போக வழி" என்றாள் தங்கச்சி. "நான் லீவு போட்டா கிடங்கு நிக்கக் கூடாதுன்னு சொல்வான்."

வாயாடி உட்கார்ந்தாள். கறுப்புத் திரை. படமோ பொத்தானோ எதுவும் இல்லை, துடிக்கும் ஒரு சின்னக் கோடு மட்டும். அவள் தட்டத் தட்ட, வெள்ளை எழுத்துகள் வரிவரியாக இறங்கின.

"மாமா, இந்தப் பெட்டிக்குள்ள நாப்பது பேர் வேலை பாக்கறாங்கன்னு வெச்சுக்கோங்க. யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. சர்வீஸ்னு பேரு. ஒருத்தன் குளிரை அளக்கறான், ஒருத்தன் அரை மணிக்கு ஒருதரம் கதவைப் பூட்டறான், ஒருத்தன் பில் போடறான். இதோ பாருங்க, இவன் பேரு 'குரல்'. இவன்தான் ஒலிபெருக்கில பேசறவன், மணிச் சத்தத்தைக் கேக்கறவனும் இவன்தான். ஸ்டேட்டஸ் கேக்கறேன். ஓடிக்கிட்டிருக்கான். எப்பலேருந்து? இன்னிக்குக் காலை ஒம்பது அம்பத்திரண்டு."

நிதானம் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். "காலைல கரண்டு எப்பங்க வந்துச்சு?"

"பத்துக்குக் கொஞ்சம் முன்ன சார்!"

"அவ்வளவுதான்" என்றாள் வாயாடி. "பெட்டி கண்ணு முழிக்கும்போது கூட எழுந்திரிக்கணும்னு அவனுக்கு உத்தரவு இருக்கு. யாரோ அவனை அப்பப்ப நிறுத்தறாங்க. ஆனா நிறுத்தறது வேற, 'இனிமே எழுந்திரிக்காதே'ன்னு சொல்றது வேற. முதல்ல சொன்னது ஸ்டாப். ரெண்டாவது டிஸேபிள். ஸ்டாப் மட்டும் பண்ணிட்டா, கரண்டு போயி வந்ததும் ஐயா மறுபடி ஆஜர். இது பேய் இல்லம்மா, பழைய பதிவுதான். உங்க அண்ணன் இல்ல."

தங்கச்சி தலையசைத்தாள். அவள் முகத்தில் ஆறுதல் வரும் என்று நிதானம் காத்திருந்தார். வரவில்லை. அவள் பையைத் திறந்து பேனாவைத் தேடினாள்.

"அப்ப சரி. ரொம்ப நன்றி. நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்."

பேய் என்று நினைத்தபோது தள்ளிப்போட்டவள், பேய் இல்லை என்று தெரிந்ததும் ஏன் அவசரப்படுகிறாள்? நிதானத்துக்கு அது உறுத்தியது.

"கொஞ்சம் இரும்மா. அந்தக் குரலை அன்னிக்கு யாரு நிறுத்தினாங்கன்னு நீ கேக்கவே இல்லையே."

"அதான் எழுதியிருக்கே. அவனேதான்."

"அவர் கார்டு போட்டுக் குளிர் அறைக்குள்ள போனது ரெண்டு அம்பத்திரண்டு. விபத்து அறிக்கைல இருக்கு. அதுக்கு முன்னாடி நிறுத்தியிருந்தா அவர்னு சொல்லலாம். பின்னாடின்னா முடியாது. அந்த இரும்புச் சுவருக்குள்ள போன் கூட எடுக்காது." அவர் வாயாடியின் பக்கம் திரும்பினார். "இந்தப் பெட்டி நாட்குறிப்பு ஏதாவது எழுதுமா?"

"எழுதாம? ஜர்னல்னு பேரே அதுதான். யாரு, எப்ப, எந்த மேஜைலேருந்து, என்ன சொன்னாங்க, எல்லாம் வினாடிக் கணக்கா இருக்கும்."

"வேண்டாம்" என்றாள் தங்கச்சி.

அதற்குள் வாயாடி தட்டிவிட்டாள். பதினாறு நாளுக்கு முந்தைய பிற்பகல் திரையில் வந்து நின்றது. அவள் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். அவளுக்கு வார்த்தை வராமல்போவதை நிதானம் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார்.

"சொல்லு."

"ரெண்டு நாப்பத்தொண்ணு, பத்து வினாடி. குரலை... கில் பண்ணியிருக்காங்க. சரக்குப் பதிவு மேஜைலேருந்து."

பெட்டியின் உறுமல் திடீரென்று உரக்கக் கேட்பதுபோல இருந்தது. தங்கச்சி தராசின் தட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்" என்றாள். "எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சுது. தனியா எப்படி இருப்பேன்னு எங்கிட்டக் கேக்காம, அவனே போன் போட்டு 'அவ வரமாட்டா'ன்னு சொல்லிட்டான். ஒம்பது நாள் பேசல. பேசலைன்னா விடுதா? அரை மணிக்கு ஒருதரம் தலைக்கு மேல அவன் குரல். அதுவும் அந்தச் சிரிப்பு. பதிவு பண்ணும்போது பக்கத்துல நின்னு கிண்டல் பண்ணினது நான்தான். ரெண்டரைக்கு அது கேட்டதும் தாங்கல. பில் புரோகிராம் நகராமத் தொங்கினா அடிக்கச் சொல்லி ஒரு வரி எனக்குக் காட்டியிருந்தான். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதைக் குரலுக்கு அடிச்சேன். மூணு மணிக்கு வரல. அப்பாடான்னு இருந்துச்சு சார். சத்தமில்லாம நிம்மதியா உக்காந்து வேலை பாத்தேன். அவன் உள்ள மணியை அழுத்திக்கிட்டு இருந்திருக்கான்."

அவள் அழவில்லை. அழுது தீர்த்துப் பல நாள் ஆன முகம். "நான் கொன்னேன், பதினோராம் நாள் எழுந்து வந்துட்டான்னுதான் நினைச்சேன். அவன் இல்லைன்னா, நான் மட்டும்தான் மிச்சம். கையெழுத்துப் போட்டா இதை யாரும் தோண்டமாட்டாங்க. அம்மா காதுக்கும் போகாது."

வாயாடி அவளைப் பார்க்கவே இல்லை. திரையை ஒட்டி மூக்கை வைத்திருந்தாள்.

"பில் புரோகிராம் தொங்கினா அதை அடிப்பீங்க. அப்புறம்?"

"தானாச் சரியாயிடும்."

"எப்படித் தானாச் சரியாகும்? செத்த புரோகிராம் பில் போடுமா?"

தங்கச்சி நிமிர்ந்தாள்.

"உங்க அண்ணன் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு வரி எழுதி வெச்சிருக்காரு. 'எப்படிச் செத்தாலும் அஞ்சு வினாடில மறுபடி எழுப்பு.' அதனாலதான் பில் சரியாச்சு. கில் பண்றவனால அப்ப ஓடிக்கிட்டிருக்கறதைத்தான் கொல்ல முடியும். மேல ஒரு கங்காணி உக்காந்திருக்கான், விழுந்தவனை உடனே எழுப்பிடுவான். ஸ்டாப்னு கங்காணிகிட்டயே சொன்னாத்தான் விடுவான். அடுத்த வரியைப் படிக்கறேன் கேளுங்க. ரெண்டு நாப்பத்தொண்ணு, பதினஞ்சு வினாடி. குரல் மறுபடி தொடங்கியது."

"பொய் சொல்லாதீங்க. மூணு மணிக்கு வரவே இல்ல."

வாயாடி மணிக்கட்டைப் பார்த்தாள். மூன்று இருபத்தொன்பது. "வாங்க. நீங்க அன்னிக்கு அடிச்ச அதே வரியை இப்ப உங்க கையால அடிங்க."

தங்கச்சி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அடித்தாள். திரையில் 'கொல்லப்பட்டது' என்று ஒரு வரி விழுந்தது. யாரும் விசையைத் தொடவில்லை. திரை தானாக ஒரு வரி மேலே நகர்ந்தது. 'தொடங்கியது.' சற்று நேரத்தில் வெளியே ஒலிபெருக்கிகள் கரகரத்தன.

"கதவு பூட்டப் போகுது. உள்ள யாராவது இருக்கீங்களா?"

தங்கச்சி காதைப் பொத்தவில்லை. கடைசிச் சிரிப்பு வரைக்கும் கேட்டாள். "அப்ப யாரு?" என்று, இந்தப் பதினாறு நாளில் முதல் தடவையாகக் கேட்டாள்.

வெளியே ஒரு கார் வந்து நின்றது. "வந்துட்டாருடா!" என்று யாரோ சொல்லும் சத்தம். பிறகு மேலாளரின் கனிவான குரல். "பயப்படாதீங்கப்பா. நான் பாத்துக்கறேன்." படியேறும் காலடி. மாடியில் கதவு சாத்தும் ஓசை.

"மாமா, பிடிக்கலாமா?"

"எதுக்குப் பிடிக்கணும்? அவர் வேலையை அவர் பாக்கட்டும். நீ நாட்குறிப்பைத் திறந்தே வை."

மூவரும் திரையைப் பார்த்தார்கள். ஆள் யாரும் இல்லாத விசைப்பலகைக்கு முன்னால் எழுத்துகள் தாமாக வந்து விழுந்தன. முதல் வரியில் செத்தவனின் பெயர் வந்தது. உள்ளே நுழைந்துவிட்டான். இரண்டாவது வரியில் அவன் வந்த மேஜை, மாடி அறைக் கணினி. மூன்றாவது வரியில் அவன் இட்ட கட்டளை, ஸ்டாப். நான்காவது வரி, குரல் நின்றது. தன் பெயரில் தானே வந்து தன் குரலை அடக்கிவிட்டுப் போனதுபோல இருந்தது. தங்கச்சி வாயாடியின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"இப்பப் பதினாறு நாள் பின்னாடி போ" என்றார் நிதானம். "ரெண்டு நாப்பத்தொண்ணுக்கு அப்புறம்."

வாயாடி படித்தாள். "ரெண்டு அம்பத்தெட்டு. ஸ்டாப். மாடி அறைக் கணினி. அதுக்கப்புறம் ஸ்டார்ட்டே இல்ல மாமா. பதினோராம் நாள் கரண்டு வர்ற வரைக்கும்."

மேலாளர் கைகளைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். சர்வர் அறையில் ஆள் இருப்பதைப் பார்த்துப் புன்னகைத்தார். "தங்கச்சி, கடிதம் ரெடியாம்மா? இவங்க?"

"அந்தக் குரல் உங்களுக்கு மட்டும் எப்படி சார் கட்டுப்படுது?" என்றார் நிதானம். "வெளில எல்லாரும் உங்களைப் பெரிய ஆள்னு நினைச்சிட்டிருக்காங்க."

மேலாளர் திரையைப் பார்த்தார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் அறைக் கணினியின் எண் தெரியும். புன்னகை மெல்ல இறங்கியது.

"அரை மணி நேரம்தான்" என்றார் தணிந்த குரலில். "மூணு மணிக்கு சரக்கு வாங்கறவங்களோட வீடியோ கால். போனைத் தூக்கிக்கிட்டுக் கிடங்கைச் சுத்திக் காட்டணும். நடுவுல இது கத்தினா நல்லா இருக்குமா? 'தொந்தரவா இருந்தா ஸ்டாப், முடிஞ்சதும் மறக்காம ஸ்டார்ட்'னு அவனே எழுதி என் மேஜைல ஒட்டிக் குடுத்திருந்தான். நான் மறந்துட்டேன். அவன் உள்ள போனது எனக்குத் தெரியாது."

"மறந்தது அன்னிக்கு. இந்தக் கடிதத்தை அடிச்சது நேத்து" என்றார் நிதானம்.

மேலாளரின் கண் இன்னொரு வரியில் நின்றுவிட்டது. பதிவு மேஜையின் எண்ணும் அவருக்குத் தெரிந்ததுதான்.

"தங்கச்சி, ரெண்டு நாப்பத்தொண்ணு உன் மேஜைதானே?" குரல் மறுபடி கனிவானது. "இதை வெளில எடுத்தா இந்த வரியும் சேந்துதான் வரும். அஞ்சு வினாடி, பத்து வினாடின்னு வெளில யாருக்கும்மா புரியும்? தங்கச்சியே கொன்னான்னுதான் பேசுவாங்க. உங்க அம்மாவுக்கு என்ன பதில் சொல்லுவே? கையெழுத்துப் போடு. ரெண்டு பேருக்கும் நல்லது."

வாயாடி வாயைத் திறக்கப் போனாள். நிதானம் கையை உயர்த்தித் தடுத்தார். இது அவர்கள் பேச வேண்டிய இடம் இல்லை.

தங்கச்சி அந்த இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கதவைப் பூட்டறவன், குரல் இல்லைன்னாலும் பூட்டிடுவானா?" என்று வாயாடியைக் கேட்டாள்.

வாயாடி தயங்கினாள். "ஆமா. குரல் ஓடினாத்தான் பூட்டணும்னு ரெண்டையும் கட்டிப்போட்டிருக்கலாம். உங்க அண்ணன் கட்டல. அது அவர் விட்டது."

"சரி. அதையும் எழுதணும்."

அவள் மேலாளரின் கடிதத்தைத் திருப்பி, எழுத்தில்லாத பக்கத்தைத் தராசின் தட்டில் விரித்தாள். மேலாளர் "தங்கச்சி..." என்று ஓர் அடி முன்னே வந்தார். அவருக்கும் அவளுக்கும் நடுவில் நிதானம் அவசரமில்லாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் முதல் வரியை எழுதினாள். 'பிற்பகல் இரண்டு நாற்பத்தொன்றுக்கு என் அண்ணனின் குரலை நிறுத்த முயன்றவள் நான்.' அடுத்த வரியில் இரண்டு ஐம்பத்தெட்டையும் மாடி அறையையும் எழுதுவதற்கு முன், பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நான் நிறுத்தினது மறுபடி ஓட ஆரம்பிக்க எத்தனை வினாடி சொன்னீங்க?"

"அஞ்சு" என்றாள் வாயாடி.

"சரியா அஞ்சா?"

"சரியா அஞ்சு."

அவள் அதை எண்ணால் எழுதாமல் எழுத்தால் எழுதினாள். எழுதி முடித்ததும் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். தோள்கள் குலுங்கின. அடுத்த வரிக்காக மற்ற மூவரும் காத்திருந்தார்கள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.